உப்புக்காற்று அடிக்கும் ஊரில் டயருக்கு நைட்ரஜன் தேவையா?

இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக இராமேசுவரம் நோக்கிப் போகும் சாலையிலும், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலை ஒட்டி ஓடும் சாலையிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். புது டயர் மாற்றும்போதோ, அலைன்மென்ட் பார்க்கும்போதோ, “நைட்ரஜன் பிடித்துவிடலாமா?” என்று கடைக்காரர் கேட்பார். காற்று இறங்காது, டயர் சூடாகாது, வெடிக்காது, மைலேஜ் கூடும் என்று நான்கு நன்மைகளும் சொல்லப்படும். அவற்றில் ஒன்று ஓரளவு உண்மை. மற்றவை நம் கார், வேன், இருசக்கர வண்டிகளுக்கு ஏறக்குறையப் பொருந்தாதவை. நாள்தோறும் ஓடுகிற வண்டிக்கு நைட்ரஜனுக்கென்று பணம் செலவிடத் தேவையில்லை என்பதே என் முடிவு. எந்த வண்டிக்கு அது பயன்படும், நிரப்புவதானால் எப்படி நிரப்ப வேண்டும், அதைவிட முக்கியமாக இந்தக் கடற்கரையில் டயரின் காற்று உண்மையில் எப்படிப் போகிறது என்பதை இங்கே விளக்குகிறேன்.

டயருக்குள் ஏற்கெனவே இருப்பது

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி ஆர்கான் முதலிய வாயுக்கள். ஆகவே பெட்ரோல் பங்கில் இலவசமாகப் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன்தான் இருக்கிறது. நைட்ரஜன் நிலையத்தில் தனியாக எதையும் தயாரிப்பதில்லை. அங்குள்ள இயந்திரம் அதே வெளிக்காற்றை மெல்லிய இழைகளாலான சவ்வின் வழியே செலுத்தி, ஆக்சிஜனையும் ஈரத்தையும் பெருமளவு பிரித்து வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய நைட்ரஜனை டயருக்கு அனுப்புகிறது.

டயர் ரப்பர் பார்வைக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வாயு மூலக்கூறுகள் அதன் ஊடாக மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். நைட்ரஜனைவிட ஆக்சிஜன் மூலக்கூறு சற்றுச் சிறியதாக இருப்பதால் அது மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கசிகிறது. நைட்ரஜனுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் வாதத்தில் மறுக்க முடியாத பகுதி இதுதான். இதிலிருந்தே இன்னொரு செய்தியும் கிடைக்கிறது: சாதாரணக் காற்றுப் பிடித்த டயரில் ஆக்சிஜன் முந்திக்கொண்டு வெளியேறுவதால், அவ்வப்போது காற்றை ஈடுசெய்துவரும் பழைய டயருக்குள் நைட்ரஜனின் பங்கு தானாகவே உயர்ந்துகொண்டு போகிறது.

இந்தக் கசிவின் அளவை அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2006-இல் தொடங்கி ஓராண்டு சோதித்துப் பார்த்தது. 31 வகை டயர்களில் ஒன்றுக்குக் காற்றும் அதன் இணைக்கு நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ. அளவில் நிரப்பித் திறந்தவெளியில் வைத்தார்கள். பி.எஸ்.ஐ. என்பதைத்தான் நம் பஞ்சர் கடைகளில் ‘பாயிண்ட்’ என்றும் ‘பவுண்டு’ என்றும் சொல்கிறோம். ஓராண்டு முடிவில் காற்று நிரப்பிய டயர்கள் சராசரியாக 3.5 பாயிண்ட் இழந்திருந்தன. நைட்ரஜன் நிரப்பியவை 2.2 பாயிண்ட் இழந்திருந்தன. வித்தியாசம் ஆண்டுக்கு 1.3 பாயிண்ட்.

இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பாயிண்ட் குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 800 லிட்டர் எரிபொருள் குடிக்கும். ஆண்டு முழுவதும் டயரை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவருக்கும் நைட்ரஜனால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு லிட்டர், அதிகம் போனால் இரண்டு லிட்டர். மாதம் ஒருமுறை காற்றுப் பார்ப்பவருக்கு அதுவும் மிஞ்சாது. சக்கரத்துக்கு நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒருமுறை நிரப்பும் செலவும் போய்வரும் தூரமும் அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

விமானங்களையும் பந்தயக் கார்களையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். விமானத்துக்கு நைட்ரஜன் அவசியம் என்பது முற்றிலும் உண்மை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விமானத்தில், பிரேக் பழுதால் மிகுதியாகச் சூடேறிய சக்கரத்தின் டயர் வெடித்து, 167 பேரும் உயிரிழந்தார்கள்; அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று நிரப்பப்பட்டிருந்தது. அளவுக்கு மீறிய வெப்பத்தில் டயரின் உட்புற ரப்பரிலிருந்து எழும் ஆவியோடு ஆக்சிஜன் சேர்ந்து தீப்பற்றும் என்பதாலேயே அங்கே நைட்ரஜன் கட்டாயமாயிற்று. நம் வண்டிகளின் டயர் அந்த வெப்பநிலையை எட்டுவதற்கு வெகுமுன்னரே வேறு காரணங்களால் கிழிந்துவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காரணமாவது பெரும்பாலும் குறைந்த காற்று, மிகைச் சுமை, வயதான டயர், அதிவேகம் ஆகியவைதான். இந்த நான்கையும் நைட்ரஜன் சரிசெய்யாது.

கடற்கரையில் காற்றுப் போகும் வழிகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் காரின் முன்பக்க இடது டயர் மாதம் நான்கு பாயிண்ட் வரை இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் இல்லை என்று சொல்லி, ஒரு கடையில் நைட்ரஜன் நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள், நானும் நிரப்பிக்கொண்டேன். அடுத்த மாதம் அளந்தபோது அதே நான்கு பாயிண்ட் இறங்கியிருந்தது. வேறொரு பஞ்சர் கடையில் டயரைக் கழற்றச் செய்து பார்த்தபோதுதான், டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தின் விளிம்பில், டயர் வந்து அமரும் வளையம் முழுவதும் உப்பால் அரித்துச் சொரசொரப்பாகிக் கிடந்தது தெரிந்தது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, விளிம்பில் பூசும் பசையைத் தடவி மீண்டும் மாட்டியபின் சாதாரணக் காற்றிலேயே அந்த டயர் மாதக்கணக்கில் நின்றது.

அன்று எனக்குப் புரிந்ததை இன்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். மேலே சொன்ன ஓராண்டுச் சோதனைப்படி ரப்பர் வழியாகக் கசிவது மாதத்துக்குக் கால் பாயிண்டுக்குச் சற்று மேல். நம் வெயிலில் அது கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாலும், ஒரு ட்யூப்லெஸ் கார் டயர் மாதம் இரண்டு பாயிண்டுக்கு மேல் இழந்தால் அது ரப்பர் வழியாகப் போகவில்லை, ஏதோ ஒரு துளை வழியாகவோ இடுக்கு வழியாகவோ போகிறது. துளையில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே வேகத்தில்தான் வெளியேறும்.

இங்கே முதல் பகை உப்பு. பாம்பன் பகுதியின் கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதற்கு 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலமே சாட்சி. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடற்காற்றில் உலோகங்கள் அரிப்பதை ஆய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அத்தகைய காற்றில் நாள்முழுதும் நிற்கும் வண்டியின் டிஸ்க் மட்டும் தப்பிவிடாது. இரும்பு டிஸ்க்கில் அது துருவாகவும், அலாய் சக்கரத்தில் வண்ணத்துக்கு அடியில் வெண்பொடியாகவும் பூக்கும். அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் இருபுறமும் கடல் இருப்பதால், காற்று வலுக்கும் மாதங்களில் சாரல் நேரே சக்கரத்தின்மேல் படும். திரும்பி வந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாக ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீரின் அருமை தெரிந்தே சொல்கிறேன். வண்டி முழுவதும் கழுவ முடியாத நாளிலும் டிஸ்க்கின் விளிம்புக்கும் வால்வுக்கும் அந்த ஒரு குவளை போதும்.

வால்வைப் பற்றி ஒரு சிறிய எச்சரிக்கை. பளபளப்புக்காக அலுமினிய மூடி வாங்கிப் பித்தளை வால்வின்மேல் மாட்டுகிறார்கள். இரு வேறு உலோகங்களுக்கிடையே உப்பு ஈரம் புகுந்தால் அரிமானம் ஏற்பட்டு மூடி இறுகிப்போகும். முறுக்கித் திறக்க முயலும்போது வால்வே உடையும். சாதாரண பிளாஸ்டிக் மூடியே நல்லது. ஆனால் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். மூடியில்லாத வால்வுக்குள் மணலும் உப்பும் போய் உள்ளே இருக்கும் பின்னை முழுதாக மூடவிடாமல் செய்யும்.

இரண்டாவது பகை சீமைக்கருவேல முள். இந்த மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு: முள் ரப்பருக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டால் அதுவே பாதி அடைப்பாகிவிடுகிறது, காற்று சடாரென்று இறங்காமல் நாளுக்குக் கொஞ்சமாகக் கசிகிறது. இதைத்தான் பலர் “டயர் காற்று நிற்க மாட்டேன் என்கிறது” என்று நினைத்து நைட்ரஜன் தேடிப் போகிறார்கள். சோப்புநீரை நன்றாக நுரைக்கவைத்து, முதலில் வால்வின் வாயிலும் அடியிலும், பின்பு டிஸ்க்கும் டயரும் சேரும் இடத்தில் இருபுறமும், கடைசியாகத் தரையில் படும் பரப்பு முழுவதும் தடவுங்கள். குமிழி எழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முள்ளை வீட்டிலேயே பிடுங்க வேண்டாம். பிடுங்கியதும் மிச்சக் காற்றும் போய், வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எந்த வாயு என்பதைவிட எவ்வளவு ஈரம்

நைட்ரஜன் நிரப்பிய டயரின் அழுத்தம் வெயிலில் ஏறாது என்பது தவறு. எந்த வாயுவாக இருந்தாலும் வெப்பத்துக்கேற்ப அழுத்தம் ஒரே விகிதத்தில்தான் கூடும். காலையில் 30 டிகிரி செல்சியஸில் 33 பாயிண்ட் வைத்த டயர், நண்பகலில் பரமக்குடி வரை ஓடி உள்ளே 60 டிகிரியை எட்டினால், காற்றாயினும் நைட்ரஜனாயினும் ஏறக்குறைய 5 பாயிண்ட் ஏறும். டயர்கள் இந்த ஏற்றத்தைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. சூடாக இருக்கும்போது அளந்துவிட்டு, “அதிகமாக இருக்கிறது” என்று காற்றை இறக்குவது ஆபத்தான பழக்கம். மறுநாள் காலையில் அந்த டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

நைட்ரஜனின் நடத்தை சீரானது என்று பேசப்படுவதற்கு உண்மைக் காரணம் அதன் வறட்சி. டயருக்குள் நீர் திரவமாகத் தேங்கியிருந்தால் சூடேறும்போது அது ஆவியாகி, மேற்சொன்ன ஐந்து பாயிண்டுக்கு மேல் இன்னும் சுமார் இரண்டு பாயிண்ட் கூட்டும். அதற்கு ஒரு கார் டயருக்குள் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான நீர் இருந்தாலே போதும். கடலோரக் காற்று எப்போதும் ஈரம் மிகுந்தது. கம்ப்ரெசர் அதை அழுத்தும்போது தாங்க முடியாத ஈரம் நீராக மாறித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. அந்த நீரை நாள்தோறும் அடித்திருகைத் திறந்து வடித்துவிடும் கடையில், தொட்டியிலிருந்து டயருக்குள் வந்து விரியும் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழேதான் இருக்கும். நைட்ரஜனிடம் நாம் எதிர்பார்க்கும் வறட்சியில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைத்துவிடும். வடிக்காமல் விட்ட தொட்டியிலிருந்தோ நீரே சாரலாக டயருக்குள் போகும், துரு கலந்த நீராகவும் போகும்.

ஆகவே காற்றுப் பிடிக்குமுன், “அண்ணே, டேங்க்குல தண்ணிய இன்னைக்கு எடுத்து விட்டுட்டீங்களா?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஐயம் இருந்தால், குழாயின் வாயை ஒரு காகிதத்துக்கு நேரே காட்டி இரண்டு நொடி காற்றை விடச் சொல்லுங்கள். காகிதம் நனைந்தால் வேறு கடைக்குப் போகலாம். அழுத்தமான காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடக்கூடும் என்பதால், உள்ளங்கையை வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

நைட்ரஜன் யாருக்குப் பயன்படும்

நீண்ட காலம் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு நைட்ரஜன் பொருத்தமானது. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்பதைக் காணலாம். மாதந்தோறும் காற்றுப் பார்க்க ஆள் இல்லாத அந்த வண்டிகளில், ஆண்டுக்கு ஒரு பாயிண்டு கூடுதலாக நிற்பதும் ஒரு நன்மைதான். உள்ளிருந்து ரப்பரை முதுமையாக்கும் ஆக்சிஜனும் குறையும். ஆயினும் வெளியிலிருந்து ரப்பரைக் கெடுக்கும் வெயிலுக்கு நைட்ரஜனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், சக்கரங்களுக்கு நிழல் கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி. ஸ்டெப்னிக்கும் இதே காரணத்தால் நைட்ரஜன் பொருந்தும்.

இன்னொன்று, புது டயர் மாற்றும் கடையில் கட்டணமின்றியே நிரப்பித் தந்தால் மறுக்க வேண்டியதில்லை.

மீன் ஏற்றும் சின்ன யானை, உப்பு ஏற்றும் லாரி, ஷேர் ஆட்டோ, ட்யூப் போட்ட மொபெட் ஆகியவற்றுக்கு நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன். சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வண்டிகளுக்கும், மீன் இறக்கும் கரையில் மணலில் இறங்கக் காற்றைக் குறைத்துக்கொள்ளும் வண்டிகளுக்கும், வாரம் ஒருமுறை முள் குத்தும் வண்டிகளுக்கும் நைட்ரஜன் நிலைக்காது, பணம்தான் போகும்.

நிரப்புவதானால் முறையாக நிரப்புங்கள்

டயரில் ஏற்கெனவே இருக்கும் காற்றின்மேல் நான்கு பாயிண்ட் நைட்ரஜனை ஏற்றிவிட்டு, நைட்ரஜனுக்கு அடையாளமான பச்சை மூடியை வால்வில் மாட்டித் தருவது நைட்ரஜன் நிரப்புதல் ஆகாது. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு நிரப்ப வேண்டும். தூக்காமல் முழுதும் இறக்கினால் வண்டியின் பாரத்தில் ட்யூப்லெஸ் டயர் டிஸ்க்கைவிட்டு நழுவக்கூடும். முழுவதும் இறக்கிய பின்னும் வெளியழுத்தத்துக்குச் சமமான காற்று உள்ளே இருக்கும். எனவே தூய நைட்ரஜனை 30 பாயிண்ட் ஏற்றினாலும் ஒரே சுற்றில் சுமார் 7 சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சும். மீண்டும் இறக்கி ஏற்றினால் அது 2 சதவீத அளவுக்கு வரும். இயந்திரம் தருவதே 95 சதவீதத் தூய்மை என்றால், இரண்டு சுற்றுக்குப் பின்னும் 6, 7 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். இயந்திரத்தில் தூய்மை காட்டும் அளவி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று செய்ய மனமில்லாத கடையில் பணம் கொடுக்காதீர்கள். அழுத்தம் காருக்குரிய அட்டவணையில் உள்ளதே. நைட்ரஜனுக்கென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வழியில் காற்றுக் குறைந்துவிட்டால், அருகில் கிடைக்கும் சாதாரணக் காற்றை உடனே பிடியுங்கள். இரண்டும் கலந்தால் தீங்கு ஏதும் இல்லை. நைட்ரஜன் நிலையம் வரும் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று குறைந்த காற்றோடு பாம்பன் பாலத்தைக் கடந்து செல்வதுதான் தீங்கு: பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறிப் பிளந்துவிடும்.

மாதத்துக்குப் பத்து நிமிடம்

நைட்ரஜனுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் முதலில் காற்றழுத்தம் அளக்கும் ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். பங்கிலும் கடையிலும் உள்ள கருவிகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பாயிண்ட் வேறுபட்டுக் காட்டுவதுண்டு. ஒரே கேஜில் தொடர்ந்து அளந்தால்தான் எந்தச் சக்கரம் இறங்குகிறது என்பது தெரியும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முன், பின் சக்கரங்களுக்கான அளவும் முழுச் சுமைக்கான அளவும் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதை நிரப்ப வேண்டிய அளவாகக் கொள்ளக் கூடாது.

வண்டி ஓடி நின்று குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்போது, வெயில் படுவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். காற்றுப் பிடிக்கும் இடம் தொலைவில் இருந்தால், வீட்டிலேயே அளந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை பாயிண்ட் குறைகிறது என்று எழுதிக்கொண்டு போய், அங்கே கேஜ் எவ்வளவு காட்டினாலும் அதன்மேல் அந்தக் குறையை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது இயல்பான கசிவு. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு பாயிண்ட் கூடுதலாக இறங்கியிருந்தால் சோப்புநீரை எடுங்கள்.

தேதி, நான்கு சக்கரங்களின் அளவு, ஸ்டெப்னியின் அளவு ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். டிஸ்க் விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டிய காலத்தை அந்த நோட்டே காட்டும். ஆனால் முற்றிய துருவோ விளிம்பில் பள்ளமோ தெரிந்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள்.